குற்றவாளியா, சுற்றவாளியா?

கல்முனை நீதவான் நீதிமன்றத்தில் காலையில் எல்லாருடைய காதிலும் முதலில் விழுகிற குரல் முதலியாருடையது. கோர்ட் மொழிபெயர்ப்பாளரை எங்கள் நாட்டில் இன்றும் முதலியார் என்றுதான் கூப்பிடுகிறோம். பெயரை வாசிப்பார், குற்றச்சாட்டை ஒரே மூச்சில் படிப்பார், மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்பார். சுற்றவாளி என்றால் குற்றம் செய்யாதவன். கூண்டில் நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தச் சொல் விளங்காது. விளங்கினாலும், குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய வழக்கில் வந்து நிற்கிறவன் அதைச் சொல்வது அபூர்வம். முதலியார் கேட்டு முடிப்பதற்குள் தலையை ஆட்டிவிடுவான். பின்வாங்கில் இருப்பவர்களில் தெரிந்த முகம் ஏதும் எட்டிப் பார்ப்பதற்குள் வெளியே போய்விட வேண்டும், அவ்வளவுதான் அவன் நினைப்பு.

முப்பத்தைந்து வருடமாக இந்தத் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் முதல் இருபது வருடத்துக்கு மேல், ஆட்டு என்று சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

புதுக்கடையில் சட்டக் கல்லூரி முடித்து 1989இல் சத்தியப்பிரமாணம் செய்து ஊருக்கு வந்தேன். நான் ஜூனியராக நின்ற சிரேஷ்ட சட்டத்தரணி டிரபிக் வழக்குகளைத் தொடவே மாட்டார். "அது காலைச் சாப்பாட்டுக் காசு, நீ எடு" என்று என் பக்கம் தள்ளிவிடுவார். அந்த நாளில் அப்படி வழக்குகளும் அதிகம் வராது. 1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்ட பிறகு எங்கள் கரையோரத்தில் இரவு என்று ஒன்று இருக்கவில்லை. மஃரிப் தொழுதுவிட்டு வந்தால் கதவைப் பூட்டிவிடுவார்கள். பெரிய நீலாவணையிலிருந்து பொத்துவில் வரை பிரதான வீதியில் சென்றிக்குச் சென்றி நிறுத்துவார்கள். லைட்டை அணை, இறங்கு, ஐசியை எடு. துவக்கோடு நிற்கிறவனுக்கு வாயை மணந்து பார்க்க ஏது நேரம்? குடிக்கிறவன் அப்போதும் குடித்தான். ஆனால் குடித்த இடத்திலேயே படுத்துவிடுவான். அந்த வருடங்களில் எங்கள் ஊரில் யாராவது குடித்துவிட்டு ஓட்டி ஆளைக் கொன்றதாக என் நினைவில் ஒரு வழக்கும் இல்லை. இதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை. ரோட்டில் ஆளே இல்லாத காலம் அது.

2002இல் சண்டை நிறுத்தம் வந்ததும் ரோடு திறந்தது. 2004 டிசம்பரில் கடல் வந்தது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கடலோர வளவுகள் பலதையும் வழித்துக்கொண்டு போனது. அதன் பிறகு வந்த நிவாரண நிறுவனங்களின் வெள்ளை வாகனங்களும் கொந்தராத்துக் காசும் ஊரின் நடையையே மாற்றின. 2009க்குப் பிறகு லீசிங் வந்தது. கையில் கொஞ்சம் முற்பணம் இருந்தால் ஆட்டோ, அதிலும் குறைவாக இருந்தால் மோட்டார் சைக்கிள். ரோட்டுக்குக் கார்பெட் விரித்தார்கள். பள்ளமும் குழியுமாக இருந்தவரைக்கும் அந்தப் பள்ளங்களே எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கின்றன என்பது, ரோடு மினுங்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

வெளியூர்ச் சட்டத்தரணிகள் என்னைக் கேட்பார்கள், "உங்கட ஊர் முஸ்லிம் ஊர், அங்க என்ன குடிவழக்கு?" என்று. முஸ்லிம் ஊர் என்பதால்தான் வழக்கு. குடி ஹறாம். ஊருக்குள் கடையில்லை. வீட்டில் வைத்துக் குடிக்க வழியே இல்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவன் இருப்பது பெண்சாதி வீட்டில், அவளுடைய உம்மா வாப்பாவின் கண்ணுக்கு முன்னால். ஆகவே குடிக்க நினைப்பவன் வாகனத்தில் ஏற வேண்டும். அம்பாறைப் பக்கம் இருபது கிலோமீட்டருக்கு மேல் போய்க் குடித்துவிட்டு, மாவடிப்பள்ளி வயல்வெளியால் இருட்டுக்குள் காரைதீவுச் சந்திக்கு வந்து ஏற வேண்டும். அல்லது பொடியன்மார் செற்றாகச் சேர்ந்து அறுகம்பைக்குப் போய், கோமாரி, திருக்கோவில், அக்கரைப்பற்று என்று எழுபது கிலோமீட்டரளவு திரும்பி வர வேண்டும். கொழும்பில் குடிக்கிறவன் முடக்கில் குடித்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போகலாம். எங்கள் ஆளுக்கு நடக்கிற தூரத்தில் குடிக்க ஊர் விடாது. நான் எடுத்த வழக்குகளில் பெரும்பாலானவை வீடு திரும்புகிற ரோட்டில் நடந்தவைதான்.

இன்னொன்றும் கண்டிருக்கிறேன். நோன்பு மாதத்தில் என் மேசைக்கு இந்த வழக்கே வராது. பெருநாள் கழிந்த கிழமையில் கட்டாக வரும்.

குடித்திருக்கிறானா என்று பொலிஸ் ஊதிப் பார்க்கவைக்கிற டியூப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைக்கு அடக்கமான கண்ணாடிக் குழாய், சுண்டுவிரல் தடிப்பு. இரண்டு பக்கமும் மூடி உருக்கியிருக்கும். உள்ளே மஞ்சள் நிறத்தில் கற்கண்டுத் தூள் மாதிரி ஒரு மருந்து. நடுவில் ஒரு கோடு. பொலிஸ்காரர் இரண்டு முனையையும் உடைத்து, ஒரு முனையில் பையைப் பூட்டி, மறுமுனையை வாயில் தருவார். பை நிரம்பும் மட்டும் ஒரே மூச்சில் ஊத வேண்டும். சாராயம் இருந்தால் மஞ்சள் பச்சையாகும். பச்சை கோட்டைத் தாண்டினால் வழக்கு. சனம் இதற்கு வைத்த பெயர் 'பலூன் ஊதுறது'. இப்போது இலக்கம் காட்டுகிற மெசின் வந்துவிட்டது, ஆனாலும் பேச்சில் பலூன் பலூன்தான்.

கோடு நிற்கிற இடம் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் அற்ககோல். இதை வைத்து என் கட்சிக்காரர்கள் ஓயாமல் சொல்கிற ஒரு வாதம் உண்டு: "குடிச்சிருந்த உண்மைதான் சேர், ஆனா வெறியில்ல." சட்டம் வெறியைக் கேட்கவேயில்லை. தள்ளாடினானா, வாய் குழறியதா என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. அளவுக்கு மேல் உடம்பில் இருந்ததா, கையில் ஸ்டியரிங் இருந்ததா, அவ்வளவுதான். ஊத மாட்டேன், டாக்டரிடமும் வர மாட்டேன் என்று முரண்டு பிடிப்பதும் கெட்டித்தனம் இல்லை. மறுத்தால் குடித்திருந்தான் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லையென்று காட்டுவது அவன் பாடு. ஊதி, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, தப்பிப் போனவர்களும் இருக்கிறார்கள். மறுத்துத் தப்பியவனை நான் காணவில்லை.

வாய்க்குள் போடுகிற மருந்துகளின் பட்டியல் தனிக்கதை. வெற்றிலை, ஏலக்காய், இஞ்சி, தேசிக்காய், ஒருவர் பச்சை வெங்காயம். இவையெல்லாம் மணத்தோடு மல்லுக்கட்டலாம், இரத்தத்தோடு என்ன செய்யும்? ஈரலுக்கு ஒரு வேகம் உண்டு, அதை யாரும் அடித்து விரட்ட முடியாது. மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் இறங்கும். கோப்பி குடித்தாலும் சரி, தலையில் வாளியால் தண்ணீர் ஊற்றினாலும் சரி.

இதை எனக்குப் படிப்பித்தவர் ஒரு கூலர் லொறிச் சாரதி. சாய்ந்தமருதுக் கரையில் மீன் ஏற்றி, ஐஸ் அடித்து, பேலியகொடைச் சந்தைக்குக் கொண்டு போகிறவர். ஐம்பது வயதிருக்கும், ஒரு விபத்தும் செய்யாத மனிதர். சுபஹுக்குச் சற்று முன்னர், ஐந்து மணிக்கு மறித்து ஊதச் சொல்லியிருக்கிறார்கள். கோட்டைத் தாண்டிப் பச்சை. என் ஒபிசில் வந்து குந்திக்கொண்டு சத்தியம் பண்ணினார். "ராவு பன்னெண்டு மணிக்கு முன்னுக்கு முடிச்சுப் படுத்துட்டன் சேர். நித்திரை கொண்டு, குளிச்சு, தேத்தண்ணி குடிச்சுட்டுத்தான் லொறியில ஏறின. பொலிஸ் பொய்க்கேஸ் போட்டிருக்கு."

நானும் கொஞ்சம் நம்பினேன். பொய்க்கேஸ் என்றே எதிர்வாதம் தயாரிக்கத் தொடங்கினேன். நல்லவேளையாக, எனக்குப் பழக்கமான ஒரு டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு சீட்டை எடுத்துக் கணக்குப் போட்டார். நடுச்சாமத்தில் 180இல் படுத்திருந்தால், ஐந்து மணித்தியாலத்தில் 75 இறங்கும். மிச்சம் 105. நித்திரையும் குளிப்பும் கணக்கில் வராது. அந்தச் சீட்டை இன்னும் பழைய டயறிக்குள் வைத்திருக்கிறேன். சாரதிக்கு அதைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, "அப்ப நான் எத்தின நாள் இப்படி ஓடியிருப்பன்?" என்று கேட்டார். வழக்கைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

தண்டப்பணம் நெடுங்காலமாகச் சில ஆயிரங்களோடு நின்றது. அதனால்தான் நானும் காலைச் சாப்பாட்டுக் காசு வழக்கு என்று நினைத்தேன். "ஒத்துக்கோ தம்பி, பத்து நிமிசத்தில வீட்ட போகலாம்" என்பேன். 2016 கடைசியில் அரசாங்கம் சில போக்குவரத்துக் குற்றங்களுக்குக் குறைந்தது 25,000 ரூபா என்று அறிவித்ததும் தனியார் பஸ்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆனாலும் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. குடித்துவிட்டு ஓட்டினால் 25,000இல் இருந்து 30,000 வரை தண்டம், அல்லது மூன்று மாதம் வரை மறியல், அல்லது இரண்டும். அதோடு லைசன்ஸ் பன்னிரண்டு மாதம் வரை இடைநிறுத்தம். நீதவான் இரக்கப்பட்டாலும் 25,000க்குக் கீழே இறங்க முடியாது.

கோர்ட் வளவின் காட்சியே அதோடு மாறியது. முன்பெல்லாம் கூட்டாளி ஒருவன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போவான். இப்போது காசு கட்டும் யன்னலுக்கு முன்னால் உம்மாமார் நிற்கிறார்கள். காதில் கிடந்தது அடகுக் கடைக்குப் போய்விட்டது பார்த்தாலே தெரியும், காதுத் துவாரத்தில் ஈர்க்குக் குச்சி. காசு வந்து சேரும் மட்டும் மகன் கூண்டுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பான். பின்னேரத்துக்குள் கட்டாவிட்டால் மறியல் வண்டி.

ஆனால் தண்டப்பணம்தான் தண்டனை என்று நினைக்கிறவன் ஏமாந்தான். என் அனுபவத்தில் 25,000 வலிப்பது ஒரு மாதம். லைசன்ஸ் போவதுதான் ஆளை உட்காரவைப்பது. இதில்தான் சட்டத்தரணிக்கு உண்மையான வேலையும் இருக்கிறது. 'பன்னிரண்டு மாதம் வரை' என்றால் மூன்று மாதமும் அதற்குள்தான். முன்குற்றம் இல்லை, ஓட்டம்தான் சீவியம், வீட்டில் மூன்று பிள்ளைகள், லீசிங் இன்னும் இரண்டு வருடம் என்று முறையாக எடுத்துச் சொன்னால் நீதவானுக்குக் குறைக்க இடமிருக்கிறது. வந்த உடனேயே தலையை ஆட்டிவிட்டு ஓடப் பார்க்கிறவனுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. நான் 'ஒத்துக்கோ' என்று தள்ளிவிட்ட எத்தனை பேருக்கு இப்படி மாதங்கள் கூடிப் போயினவோ என்று இப்போது சில நாள் யோசிப்பதுண்டு. டியூப் பழுதா, காலாவதித் திகதி போனதா, மறித்த நேரமும் ஊதிய நேரமும் எவை என்று வழக்குக் கட்டை விரித்து வாசிக்கவே அந்தக் காலத்தில் நான் மினக்கெடவில்லை.

லைசன்ஸ் போனவன் அடுத்து என்ன செய்கிறான் என்று யாரும் எழுதுவதில்லை. நான் சொல்கிறேன்: ஓட்டுகிறான். திமிரால் அல்ல. தினமும் மோட்டார் சைக்கிளில் போகிற ஆசிரியர் ஒரு நாள் பஸ்ஸுக்கு நின்றால் நான்கு பேர் கேட்பார்கள், "என்ன சேர், பைக்குக்கு என்ன?" இரண்டாம் நாளும் நின்றால் கேட்கவே மாட்டார்கள், அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அரச ஊழியருக்குக் கந்தோரில் ஒழுக்காற்று விசாரணைப் பயமும் மேலே தொங்கும். ஆகவே ஊருக்குத் தெரியக் கூடாதென்று ஓட்டுகிறான். பிடிபட்டால் லைசன்ஸ் இல்லாமல் ஓடிய குற்றம், அந்தத் திருத்தத்தில் அதற்கும் அதே 25,000. அந்த நேரத்தில் எங்காவது மோதிவிட்டால் காப்புறுதிக் கம்பனி, வாகனத்தின் சேதத்துக்கு ஒரு சதமும் இல்லை என்று கையை விரித்துவிடும். ஒரு ஆசிரியருக்கு இந்த மூன்றும் ஒன்பது மாதத்துக்குள் நடந்தன. அவர் கடைசிவரை என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "பேரைக் கூப்பிடாம எடுக்க ஏலாதா?" ஏலாது. திறந்த நீதிமன்றம். முதலியார் வாசிக்கும்போது தகப்பன் பெயரும் சேர்ந்துதான் வரும்.

லேண்ட்மாஸ்டரில் வந்து பிடிபட்ட ஒரு விவசாயி இடையில் நினைவுக்கு வருகிறார். வேளாண்மை வெட்டு முடிந்த சந்தோசத்தில் வட்டையிலிருந்து திரும்பியவர். "உழுற மெசினுக்கும் பலூனா சேர்?" என்று நியாயம் கேட்டார். வயலுக்குள் உழுதால் உழுகிற மெசின், ரோட்டில் ஏறினால் மோட்டார் வாகனம் என்றேன். கோர்ட்டில் அவரிடம் லைசன்ஸே இல்லை என்பது தெரியவந்து, ஒன்றுக்கு இரண்டு குற்றமாகப் போனது.

பிரதிவிளைவு என்று சட்டப் புத்தகத்தில் தேடினால் காணக் கிடைக்காத ஒன்றைச் சொல்லத்தான் உண்மையில் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் நாட்டில் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கம். மோட்டார் வாகனச் சட்டம் அதே ஆண்டின் 14ஆம் இலக்கம். பக்கத்துப் பக்கத்துச் சட்டங்கள். ஒன்றுக்கும் மற்றதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை என்றுதான் இருபது வருடம் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் ஒரு இளம் பெண் தன் வாப்பாவோடு வந்தாள். வழக்குப் பேச அல்ல. இன்ன இலக்க வழக்கின் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். இலக்கத்தைப் பார்த்ததும் விளங்கியது. நான் எட்டு மாதத்துக்கு முன் தலையாட்டவைத்து அனுப்பிய ஆட்டோக்காரன். அவளுடைய மாப்பிள்ளை. அவன் சீதன வீட்டில், மாமன் மாமிக்கு ஒன்றும் தெரியாதென்று எட்டு மாதம் நிம்மதியாக இருந்திருக்கிறான். அவள் காதி நீதிமன்றத்தில் பஸஹ், அதாவது பெண் கேட்கிற விவாகரத்து, கேட்டிருந்தாள். அடிக்கிறான், செலவுக்குத் தருவதில்லை, குடிக்கிறான் என்பது அவள் முறைப்பாடு. அவன் அல்லாஹ் மேல் சத்தியம் செய்து நான் தொட்டதேயில்லை என்றிருக்கிறான்.

பிரதியை நான் எடுத்துக் கொடுக்கவில்லை. என் கட்சிக்காரனுக்கு எதிராக நான் எப்படிப் போவது? ஆனால் பதிவாளர் கந்தோரில் விண்ணப்பம் போட்டால் அவளுக்கே கிடைக்கக்கூடிய கடதாசிதான் அது. கிடைத்தது. அன்றைய திகதி, வாகன இலக்கம், கீழே 'எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்' என்று ஒரு வரி.

காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணிகள் தோன்றுவதற்கு அனுமதியில்லை, சட்டமே அப்படி. அவன் என்னைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனான். நான் கேற்றடியில் நின்றேன். உள்ளே காதியார் அந்தக் கடதாசியை வாசிக்கிற சத்தம் கேட்டது. அவன் பக்கம் பேச ஆளில்லை. பத்து நிமிசத்தில் முடியும் என்று நான் சொன்ன வார்த்தைதான் அங்கே சாட்சியாக நின்றது. வெளியே வந்தவன் என்னைத் திட்டவில்லை. "சுற்றவாளி எண்டு சொல்லியிருந்தா, சேர்?" என்று மட்டும் கேட்டான். பச்சை கோட்டைத் தாண்டித்தான் இருந்தது, சுற்றவாளி என்று சொல்லியிருந்தாலும் பெரும்பாலும் தோற்றிருப்போம். அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆட்டோவின் முற்பணம் அவளுடைய நகையில் கட்டியது, அதையும் விட்டுவிட்டு உடுப்புப் பையோடு உம்மா வீட்டுக்குப் போனான். அவள் பக்கம்தான் நியாயம் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை.

அதற்குப் பிறகு குற்றத்தை ஒப்புக்கொள்வதென்று வருகிற யாரிடமும் ஒரு கேள்வி கேட்கிறேன்: இந்தக் கடதாசி இன்னும் யார் கைக்குப் போகும் என்று யோசித்தாயா? வெளிநாட்டு வேலைக்குப் போக இருக்கிறாயா, பொலிஸ் ரிப்போட் தேவைப்படுமா? அரச வேலையா? வீட்டில் வழக்கிருக்கிறதா? இதைக் கேட்டுவிட்டு வழக்கைப் பேசலாம் என்றும் சிலரிடம் சொல்லியிருக்கிறேன், ஒப்புக்கொள்வதுதான் சரி என்றும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டில் எதைச் சொன்னாலும் கட்டைத் திறந்து வாசித்த பிறகுதான்.

மரண வழக்குகளைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. ஒன்றைச் சொல்கிறேன். இரவு இஷாவுக்குப் பிறகு சைக்கிளில் வீடு போய்க்கொண்டிருந்த ஒரு மேசனை வேன் அடித்தது. வேன்காரப் பொடியன் குடித்திருந்தான். அவன் வாப்பா ஊரில் நல்ல பெயரெடுத்த மனிதர். மரைக்காயர்மார் பள்ளியில் கூடினார்கள். மையத்து வீட்டாரும் வந்தார்கள். ஒரு தொகை பேசி, இரு பக்கமும் முஸாபஹா செய்து, பாத்திஹா ஓதி முடித்தார்கள். மறுநாள் வாப்பா என்னிடம் வந்து, "எல்லாம் சுமுகமா முடிஞ்சிட்டு தம்பி, கேஸை எடுத்துடுங்க" என்றார், கடையில் போட்ட ஓடரை ரத்துச் செய்கிற மாதிரி.

சின்னக் காயம், வாய்ச்சண்டை என்றால் சமாதானமாகி வழக்கை முடிக்கலாம். உயிர் போன வழக்கு அப்படி முடியாது. கவனயீனத்தால் மரணம் விளைவித்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை. குடித்திருந்தான் என்பதும் சேர்ந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் அதற்கென்று தனியாக, இன்னும் கடுமையான பிரிவு. வழக்கைத் தொடுப்பது மையத்து வீட்டார் அல்ல, அரசு. பள்ளியில் மன்னித்ததை நீதவானுக்குச் சொல்லலாம், தண்டனையைக் குறைக்க அது உதவலாம், வழக்கை அழிக்காது. வாப்பாவுக்கு இது விளங்கவேயில்லை. "அவங்களே மன்னிச்சுட்டாங்க, கவர்மெண்டுக்கு என்ன நட்டம்?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். வழக்கு நான்கு வருடத்துக்கு மேல் இழுபட்டது. அந்த நான்கு வருடமும் ஒவ்வொரு தவணைக்கும் மேசனின் மூத்த மகன் வந்து கடைசி வாங்கில் இருப்பான், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் தொடங்கி, கடைசித் தவணைகளில் சீமெந்துக் கறை பிடித்த காற்சட்டையில். எங்களோடு ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

இப்போது கட்டுகளில் சாராயத்தின் இடத்தை ஐஸும் தூளும் பிடித்து வருகின்றன. போதைப்பொருளும் அதே பிரிவுக்குள்தான் வருகிறது, ஆனால் பலூன் அதைப் பிடிக்காது. வைத்தியசாலை, இரத்தம், சிறுநீர், அறிக்கை என்று மாதக் கணக்கில் இழுபடும். வாய் மணக்காது என்பதால் பெற்றாருக்கும் தெரியாது. அந்த வழக்குகளை இப்போது என் ஜூனியர் பிள்ளைதான் பார்க்கிறாள், அவளுக்கு என்னைவிடப் பொறுமை கூட.

போன மாரியில் ஒரு நாள். கோர்ட் முடிந்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கார் கராஜில். ஆட்டோத் தரிப்பிடத்துக்கு ஓடினேன். கடைசியில் நின்ற சிவப்பு ஆட்டோவுக்குள் தெரிந்த முகம். மூன்று மாதத்துக்கு முன் என் கட்சிக்காரன், ஆறு மாதம் லைசன்ஸ் இடைநிறுத்தம். விடிய சுபஹ் தொழுத கையோடு அவன் காக்கா ஆட்டோவைக் கொண்டுவந்து வரிசையில் விட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போவார், மஃரிபுக்கு வந்து எடுத்துக்கொண்டு போவார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இடைப்பட்ட நேரம் முழுக்க இவன் முன்சீற்றில் இருப்பான். பெண்சாதி வீட்டில் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்து அனுப்புகிறார்கள். கையில் காசு வராத நாளில் ஓட்டம் மந்தம் என்று சொல்வானாம்.

என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தான், பிறகு இருந்துகொண்டான். பக்கத்து ஆட்டோக்காரன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு ஹயருக்கு நிக்கன் சேர்," என்றான். "இப்ப வந்துருவாங்க."

"சரி தம்பி" என்று சொல்லிவிட்டு, முன்னால் நின்ற ஆட்டோவில் ஏறினேன்.